அடைக்கலமும் வாடகையும்

வாடகை கொடுத்து ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வரும் அயல்நாட்டவரை விருந்தினர் என்று அழைப்பது வெறும் வணிக மரியாதையா, அல்லது தமிழ் அறநூல்களும் சமயங்களும் விருந்தோம்பல் என்று போற்றிய கடமைக்குள் அவரும் அடங்குவாரா என்ற கேள்வி, சுற்றுலாத் துறையோடு பிறந்தது போலத் தோன்றினாலும், அறமும் பொருளும் ஒரு கூரையின் கீழ் இருக்க முடியுமா என்ற நெடுங்கால வழக்கின் தொடர்ச்சியே ஆகும். ஹோம்ஸ்டே என்று பரவலாக அறியப்படும் இல்லத் தங்கல், சாதாரண விடுதியிலிருந்து ஒரு நிபந்தனையால் வேறுபடுகிறது. இத்தகைய வீடுகளுக்குத் தங்கம், வெள்ளி என இரு தரங்களில் சான்று வழங்கும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும். வாடகைக்கு விடும் அறைகளும் ஒரு சிலவாகவே இருக்க வேண்டும். ஆகவே வந்தவர் உறங்கும் அறையை ஒட்டியே குடும்பத்தின் பூசை மாடம் இருக்கும். பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் குரலும், முதியவரின் இருமலும், தண்ணீர் லாரி வந்ததும் குடங்கள் உருளும் ஓசையும் அவர் காதில் விழும். குடும்பத்தின் அன்றாடமே இங்கே அயலாருக்குத் திறந்து விடப்படுவதால்தான், அதற்குக் கூலி வாங்குவது தகுமா என்ற ஐயம் விடுதியைக் குறித்து எழாத அளவுக்கு இதில் எழுகிறது.

இந்த ஐயத்தைச் செட்டிநாட்டு மாளிகைகளையோ, கொச்சியை அடுத்த கும்பளங்கியின் காயலோர வீடுகளையோ முன்வைத்துப் பேசுவதே வழக்கம். அங்கெல்லாம் இடத்தின் அழகே பாதி உபசாரத்தைச் செய்துவிடுவதால் கேள்வியின் கடுமை தெரிவதில்லை. வடசென்னையின் கோடியில், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் தென்பக்கம் அமைந்த காத்திவாக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையும் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக் குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளும், வண்டித் தொழிற்சாலையும், 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையமும், முகத்துவாரத்துக்கு வடக்கே 2001 முதல் கப்பல்களை வாங்கி வரும் துறைமுகமும் நெருக்கி நிற்கின்றன. வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை ஐரோப்பியர்கள் படகு விடவும் காற்று வாங்கவும் வந்த எண்ணூரின் நினைவு இன்று நூல்களில்தான் இருக்கிறது. இப்போது இப்பகுதிக்கு அயல்நாட்டவர் வருவது பெரும்பாலும் வேலையின் பொருட்டு அல்லது ஆய்வின் பொருட்டே. அவர்களுள் ஒருவரைக் காத்திவாக்கத்துக் குடும்பம் ஒன்று தன் மாடி அறையில் தங்க வைக்குமானால், அக்குடும்பம் அவருக்குக் கடன்பட்டிருப்பது என்ன என்பதே இங்கு ஆராயத் தக்கது.

பழைய தரும நூல்களின் விடை முதற்பார்வையில் இல்லத் தங்கலுக்கு எதிராகவே இருக்கிறது. இல்லறத்தான் நாள்தோறும் செய்ய வேண்டியவையாக அவை வகுத்த ஐந்து வேள்விகளுள் ஒன்று மனித வேள்வி, அதாவது வந்தவரை உணவளித்துப் போற்றுவது. தேவர்க்கும் முன்னோர்க்கும் செய்யும் கடன்களோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட இவ்வேள்வியில் அதிதி எனப்படுபவர், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து ஓரிரவு தங்கிச் செல்பவர். தைத்திரீய உபநிடதம் தாய், தந்தை, ஆசிரியர் ஆகியோரோடு அவரையும் தெய்வமாகக் கருதச் சொல்கிறது. திருவள்ளுவரோ இல்லறத்தை அமைத்து வாழ்வதே விருந்தினரைப் பேணுவதற்காகத்தான் என்னும் அளவுக்குச் செல்கிறார். நாள் குறித்து, விலை பேசி, முன்பணம் செலுத்தி வருபவர் இந்த இலக்கணங்களுள் ஒன்றுக்கும் பொருந்தவில்லை. வேள்வி என்பது கைம்மாறு கருதாத ஈகை; கைம்மாறு நுழையுமிடத்தில் வேள்வி முடிந்து வாணிகம் தொடங்கிவிடுகிறது என்பதே இந்த நோக்கின் சாரம்.

ஆனால் காத்திவாக்கத்துக்கு மிக அருகில் உள்ள திருவொற்றியூரின் சமய மரபு, பணத்தை இப்படித் தீட்டாகக் கருதவில்லை. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய கலிய நாயனார் அவ்வூரில் எண்ணெய் வாணிகம் செய்தவர். தம் செல்வமெல்லாம் கோயில் விளக்குகளுக்கு எண்ணெயாகித் தீர்ந்த பிறகு, உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கிடைத்த கூலியாலும், பின்னர்ப் பிறருடைய செக்கில் உழைத்துப் பெற்ற கூலியாலும் அவர் விளக்கேற்றினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அதன் பின் வரும் பகுதிகள், அதாவது மனைவியையே விற்க முற்பட்டதும், எண்ணெய்க்குப் பதிலாகத் தம் குருதியை ஊற்றத் துணிந்ததும், இன்றைய மனம் ஏற்கக் கூடியவை அல்ல. ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தவும் தேவையில்லை. கூலி பற்றிய பகுதி மட்டும் இங்கு ஆழ்ந்து கருதத் தக்கது. பிறர் செக்கில் பெற்ற காசு தொண்டின் தூய்மையைக் கெடுத்ததாகச் சேக்கிழார் நினைக்கவில்லை. கைப்பொருள் இல்லாதவன் தன் அறத்தைத் தொடர்வதற்கு உழைப்பின் ஊதியமே வழி என்பதை அவர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். மீன்பாடு குறைந்து, ஆலை வேலையும் ஒப்பந்த வேலையாகிவிட்ட ஓர் ஊரில், ஒரு குடும்பம் தன் அறைக்கு வாடகை வாங்குவதைக் குறை சொல்பவர்கள், விருந்தோம்பலைச் செல்வர்களின் தனி உரிமையாக்கிவிடுகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

காலத்துக்கு அளவு வைப்பதும் பழைமைக்குப் புறம்பானதன்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற தமிழ்ப் பழமொழியும், விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தருமம் என்றும், வீட்டாருக்குச் சுமையாகும் வரை தங்குவது தகாது என்றும் அறிவுறுத்தும் நபிமொழியும் ஓர் எல்லையை ஏற்கின்றன. செருமானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய நூலில் இந்த எல்லையைச் சட்டத்தின் மொழியில் வரைந்தார். அயல் மண்ணில் கால் வைக்கும் எவரையும் அக்காரணத்துக்காகவே பகைவராக நடத்தக் கூடாது என்பது எல்லா மனிதருக்கும் உள்ள வருகை உரிமை. ஒருவர் வீட்டில் ஒருவராகச் சில காலம் தங்குவது அதனினும் மேற்பட்டது. அதற்கு இரு தரப்பும் மனமொப்பிச் செய்துகொள்ளும், நன்மையை நோக்கிய தனி ஒப்பந்தம் தேவை என்கிறார் கான்ட். இல்லத் தங்கலில் நடப்பது பெரும்பாலும் இதுவே. விலை பேசிக்கொள்வதால் விருந்து அழிந்துவிடுவதில்லை. இரு தரப்பும் எதை எதிர்பார்க்கலாம் என்பது அதனால் தெளிவாகிறது.

அந்த நூலில் கான்ட் சொன்ன மற்றொரு செய்தி காத்திவாக்கத்தை நேரடியாகத் தொடுகிறது. வணிக நிலையங்கள் அமைப்பதாகச் சொல்லி இந்தியாவுக்குள் படைகளைக் கொண்டுவந்த ஐரோப்பியரை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். விருந்தினராக வந்தோர் வீட்டுக்கு உடையவராவதை அவர் விருந்தோம்பலின் மீறலாகவே கருதினார். அவர் அதை எழுதுவதற்கு 87 ஆண்டுகளுக்கு முன், 1708இல், நவாபு தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஐந்து ஊர்களுள் திருவொற்றியூர், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவற்றோடு காத்திவாக்கமும் ஒன்று. கடல் வழி வந்த வணிகருக்கு ஊரையே கொடுத்தவர் வேறொருவர். அந்த ஊரில் வலை காய வைத்தவர்களுக்கு அதில் பேச்சு இருந்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் வந்த ஆலைகளும் மின் நிலையங்களும் துறைமுகமும் இந்த வரலாற்றைப் புதிய வடிவில் தொடர்ந்தன என்று குப்பத்து மக்கள் கருதுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இத்தகைய ஊரில் கதவைத் திறப்பவர் எவ்விதக் கட்டாயமும் இன்றித் தாமே விரும்பித் திறக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனையாகிறது. கட்டாயத்தால் நிகழும் உபசாரத்தை அறம் என்று சொல்ல இயலாது.

விலையும் எல்லையும் ஒப்பந்தமும் விருந்தை அழிப்பதில்லை என்றால், அதை விருந்தாக ஆக்குவது எது என்ற கேள்விக்குத் தமிழ் இலக்கியத்தில் மிக ஆழமான விடையைச் சிலப்பதிகாரத்தின் மாதரி என்னும் இடையர்குல மூதாட்டியிடம் காணலாம். புகாரிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து சேர்ந்த கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியில் யாரும் அறியாதவர்களாக நிற்கும்போது, அவர்களோடு வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், இயக்கி என்னும் பெண் தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பிக்கொண்டிருந்த மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அடைக்கலம் என்பது உபசாரத்தினும் கனமான கடமை. ஒருவருடைய உயிருக்கும் மானத்துக்கும் பொறுப்பேற்பது அது. மாதரி அவர்களைத் தன் வீட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக வைத்துவிடாமல், செம்மண் பூசிய பந்தலோடு கூடிய தனிச் சிறுமனையில் இருத்துகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். வந்தவர்கள் சமண நோன்பு காக்கும் இல்லறத்தார் என்பதையும், அந்த நோன்பினர் பகலிலேயே உண்பவர்கள் என்பதையும் அறிந்து, சமைத்த சோற்றைக் கொண்டுபோய் வைக்காமல், புதிய கலங்களையும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நல்ல அரிசி, பால் ஆகியவற்றையும் கொடுத்து, கண்ணகியே தன் முறைப்படி சமைக்க வழி செய்கிறாள். கண்ணகி காய் அரிய விரல் சிவக்கிறது. ஐயை வைக்கோலிட்டு அடுப்பு மூட்டித் தருகிறாள். வீட்டார் தம் வழக்கத்தை வந்தவர் மீது திணிக்காமல், வந்தவருடைய வழக்கத்துக்குத் தம் வீட்டில் இடம் கொடுப்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் பகுதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பின்னர்க் கோவலன் கொலையுண்டு, கண்ணகி மதுரையை எரித்துச் சென்ற செய்தியைக் கேட்ட மாதரி, தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தை இழந்துவிட்டதாகச் சொல்லி நள்ளிரவில் தீயில் புகுந்தாள் என்று காப்பியம் பின்னொரு காதையில் தெரிவிக்கிறது. அவளுடைய முடிவைப் போற்றிப் பாடுவதற்கு இல்லை. அரசன் செய்த தவற்றுக்கு ஏழை மூதாட்டி உயிர் கொடுத்தது கொடுமையே. ஆயினும் விருந்தின் உட்பொருளாக இளங்கோவடிகள் எதைக் கண்டார் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. தன் வீட்டுக்குள் மட்டும் நல்லபடி நடந்துகொண்டால் போதும் என்று மாதரி நினைக்கவில்லை. தன் வாசலுக்கு வெளியே, தன் ஊர் அந்த விருந்தினருக்கு இழைத்த தீங்குக்கும் தானே பொறுப்பு என்று கருதினாள். படுக்கைக்கும் காலை உணவுக்கும் விலை வைக்கலாம். இந்தப் பொறுப்புக்கு விலை வைத்து விற்க யாராலும் முடியாது. இல்லத் தங்கல் அறமாவதும் ஆகாததும், வாடகைக்கு மேலாக இப்பொறுப்பு ஏற்கப்படுகிறதா என்பதைப் பொறுத்ததே.

வந்தவர் யார் என்று கேட்கலாமா என்பது அடுத்து எழுவது. விருந்தினரின் கோத்திரத்தையும் கல்வியையும் விசாரிக்க வேண்டாம் என்று பராசர ஸ்மிருதி விலக்குகிறது. இன்றைய சட்டமோ இதற்கு நேர்மாறானது: அயல்நாட்டவர் தங்கும் எந்த வீட்டாரும், அவருடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களை, நெடுங்காலம் சி படிவம் என்று அறியப்பட்ட அறிக்கையாக, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா, பெயரும் கேட்காமல் எவரையும் ஏற்கும் நிபந்தனையற்ற விருந்தோம்பலுக்கும், நிபந்தனைகளால் ஆன நடைமுறை விருந்தோம்பலுக்கும் இடையிலான தீராத முரண் என்று இதைப் பேசினார். அவர் சொன்ன முரண் மெய்யானது. ஆயினும் வடசென்னையில் இளமையைக் கழித்த, வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் சிந்தனை இதற்கு ஒரு வழி காட்டுகிறது.

திருவொற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் சென்று வந்த வள்ளலார், ஓரிரவு காலம் தாழ்ந்து திரும்பியபோது, அண்ணியாரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்திருக்க, வடிவுடையம்மனே அண்ணியார் வடிவில் வந்து சோறிட்டாள் என்பது அவர் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பின்னாளில் சீவகாருணியத்தை, அதாவது எல்லா உயிர்களிடத்தும் கொள்ளும் இரக்கத்தை, தம் நெறியின் மையமாக்கிய அவர், பசித்து வந்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எத்தகைய செய்கையுடையவர் என்று விசாரியாமல் பசியை ஆற்ற வேண்டும் என்று எழுதினார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அதை நடைமுறையாகவும் ஆக்கினார். அவருடைய பட்டியலில் தேசமும் இடம் பெறுவது அயல்நாட்டு விருந்தினரைப் பற்றிய ஆய்வில் மிகவும் கருதத் தக்கது. அவர் விலக்குவது, தகுதியைத் தீர்மானிக்கும் பொருட்டுச் செய்யும் விசாரணையை. அரசின் பதிவேட்டுக்காகப் பெயர் கேட்பது ஒன்று. எத்தகைய தட்டில் சோறிடுவது என்று முடிவு செய்வதற்காகக் கேட்பது மற்றொன்று. சட்டமே 24 மணி நேரம் அவகாசம் தருவதால், களைத்து வந்தவருக்கு முதலில் சோறும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அதன் பின் தாள்களைக் கேட்கும் வரிசையைக் கடைப்பிடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், இல்லத் தங்கலின் உண்மையான இடர் பணத்தில் இல்லை, தெரிவில் இருக்கிறது என்பது வெளிப்படும். விருந்தினரைத் தெய்வமாகக் கொண்ட அதே மரபில்தான், வைசியரும் சூத்திரரும் விருந்தாக வந்தால் பணியாட்களோடு உண்ணச் செய்யலாம் என்னும் மனுவின் விதியும் இருந்தது. அந்த விதி நூலளவில் நின்றுவிடவில்லை. திண்ணை வரை வரலாம், கூடம் வரை வரலாம், அடுக்களை வரை வரலாம் என்று ஆளுக்கொரு எல்லை வகுத்த வீடுகளின் வழக்கமாகவும் அது வாழ்ந்தது. இன்று வெள்ளைத் தோலுடைய அயலாருக்கு நாற்காலியும் புதுத் துண்டும் எடுத்து வைக்கும் குடும்பம், அதே தெருவில் ஒரே அறையில் பலராகத் தங்கி ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் உழைக்கும் ஒடியா, பீகார், வங்காளத் தொழிலாளர்களுள் ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அதன் விருந்தோம்பலை எடை போட வேண்டும். அவரும் வாடகை கொடுக்கிறார். அவரும் ஊர் விட்டு, மொழி விட்டு வந்தவர். திருக்குறள் சொல்லும் முகம் திரிந்த நோக்கு அவர் மீதுதான் நாள்தோறும் விழுகிறது. அயல்நாட்டவருக்குக் காட்டும் பரிவு இவரிடம் வந்ததும் வற்றிவிடுமானால், அது விருந்தினரின் மீது கொண்ட பரிவாக இருக்க முடியாது; அவருடைய நாட்டின் மதிப்பின் மீது கொண்ட மயக்கமாகவே இருக்கும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல் தேவை. சங்க நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்துக் கடற்கரை நுளையர் குடியினர், அதாவது மீனவர், தாங்கள் வடித்த பழங்கள்ளையும் சுட்ட உலர் குழல்மீனையும் தருவார்கள் என்று சொல்கிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடு பொருத்திப் பார்ப்பது ஆய்வாளர் வழக்கு. காத்திவாக்கம் இருக்கும் அதே வடகடற்கரை வரிசையில்தான் அது இருக்கிறது. தம்மிடம் உள்ளதைக் கூச்சமின்றிக் கொடுத்த அந்தக் குடியினரின் வழித்தோன்றல்கள், நெத்திலிக் கருவாட்டு மணம் அயலாருக்கு ஆகாது என்று அடுக்களையை மூடி வைத்துவிட்டு, ரொட்டியும் ஜாமும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதரியின் வழியில், உண்ண விரும்பாதவருக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அதோடு, மீன் எங்கிருந்து வந்தது என்ற உண்மையையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பரவிய எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து, படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது; அங்கே பிடித்த இறாலையும் நண்டையும் வாங்குவார் இல்லாமல் போயிற்று. இத்தகைய நீரை அறிந்தவர் அதை விருந்தினரிடம் மறைத்தால், பரிமாறும் கை எவ்வளவு அன்பாக இருந்தாலும் அது வஞ்சனையே.

அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, கண் எரிந்து, மூச்சுத் திணறி, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்த இரவில் ஒரு குப்பத்து வீட்டின் மாடியில் தமிழ் அறியாத அயல்நாட்டவர் ஒருவர் உறங்கியிருந்தால், அவரை எழுப்புவதும், ஈரத் துணியைக் கையில் கொடுப்பதும், எந்தத் தெரு வழியாகக் காற்றுக்கு எதிர்ப்புறம் நடப்பது என்று காட்டுவதும் அந்த வீட்டாரின் கடமையாக இருந்திருக்கும். ஆனால் அந்த வழி எது என்பதை அந்த வீட்டாருக்கே முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை; அண்டை வீட்டாரின் கூச்சலே அன்று பலருக்கு முதல் எச்சரிக்கையாக இருந்தது. மாதரி ஏற்ற பொறுப்பு ஒரு தனி வீட்டால் மட்டும் நிறைவேற்ற முடியாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே, காத்திவாக்கம் போன்ற ஊர்களில் இல்லத் தங்கலுக்கு அனுமதி வழங்குவோர், படுக்கை விரிப்பும் குளியலறையும் தரமாக உள்ளனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஆலையின் அபாயச் சங்கு அந்த வீடு வரை கேட்கிறதா, வெளியேறும் வழி எது, கூடும் இடம் எது, அருகில் உள்ள மருத்துவமனை இத்தகைய நச்சுக்கு மருத்துவம் செய்யும் நிலையில் இருக்கிறதா என்ற கேள்விகளை ஆலைகளிடமும் துறைமுகத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் அவர்கள் எழுப்ப வேண்டும். அவற்றுக்கான விடை, நாலு நாள் தங்க வரும் அயலாருக்கு முன், தலைமுறைகளாக அங்கே குடியிருப்பவர்களின் கையில் எழுத்தாகச் சேர வேண்டும். அது நடக்கும் வரை, காத்திவாக்கத்துக் குடும்பம் எவ்வளவு மனமுவந்து கதவைத் திறந்தாலும், அது தரும் அடைக்கலம் அரைகுறையானதே. அந்தக் குறைக்கு அக்குடும்பம் பொறுப்பாகாது.